பட்டை பிரிக்காத ஸ்வெட்டர்

1

நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே கண்ணைக் கசக்குவார்கள். பனி, தனிமை, அம்மா வைத்த குழம்பு என்று ஒரு பாட்டம் அழுது தீர்ப்பார்கள். எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. கொடைக்கானலில் பிறந்தவளுக்குக் குளிர் புதிதா என்ன? குழம்பும் இங்கே நன்றாகவே கொதிக்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஊர். மாணவர் பதிவேட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள், எந்தத் தாளில் யார் கையெழுத்து, இதுதான் என் பிழைப்பு. இந்தப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். கறுப்பினப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, போலீஸ் காவலோடு முதலில் உள்ளே வந்தவர்கள் நாலு பேர். போன வருடக் கடைசியில் அந்த நாலு பேரையும் கௌரவித்து ஒரு விழா எடுத்தார்கள். கண்காட்சிக்கு வைக்க அவர்களுடைய பழைய கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தேடினேன். நாலு கோப்புக்குப் பதிலாக ஐந்து கிடைத்தன. ஐந்தாவது கோப்பு டெல்லா என்ற பெண்ணுடையது. அதே நாளில் சேர்ந்தவள், மூன்றாவது மாதம் போய்விட்டாள். கடைசித் தாளில் 'சொந்த விருப்பத்தின்பேரில் விலகினார்' என்று எழுதியிருந்தது. நான் பதிவேட்டுக்காரி. சொந்த விருப்பம் என்று எழுதியிருந்தால் அது யாருடைய விருப்பம் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஸ்தர், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. கல்லிலும் நாலு பெயர் செதுக்கியாகிவிட்டது" என்றார். சரி என்று சொல்லிவிட்டுக் கோப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு.

விழாவன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தேன். நால்வரில் உயிரோடு இருப்பவர் வெர்னா அம்மாள் ஒருவர்தான். எண்பதைத் தாண்டியவர், சக்கர நாற்காலி. கழுத்தில் பதக்கம் போட்டார்கள். மைக்கை வாங்கியவர் நன்றி சொல்லவில்லை.

"நாங்கள் நாலு பேர் இல்லை, ஐந்து பேர்" என்றார். "அவள் பெயர் டெல்லா. அவள் அறைக்கதவில் மலத்தைப் பூசினார்கள். அவளே பூசிக்கொண்டாள் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். பூசியது யார் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் நால்வரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அதனால்தான் நாங்கள் நால்வர். இந்தப் பதக்கம் எதற்கு என்று இப்போது புரிகிறதா உங்களுக்கு?"

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் கை தட்டினார். அவர் தட்டினதும் எல்லோரும் தட்டினோம். அந்த வாரம்தான் கொடைக்கானலிலிருந்து எனக்கும் ஒரு அழைப்பு வந்திருந்தது.

2

அழைப்பு நான் படித்த பள்ளியிலிருந்து. மலைமேல் வெளிநாட்டு மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக நடந்த போர்டிங் பள்ளி அது. பல வருடம் அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. அடுப்படியிலும் தோட்டத்திலும் தமிழர்கள் இருக்கலாம், வகுப்பறையில் இருக்க முடியாது. பிறகு என்ன ஞானம் வந்ததோ, வேலைக்காரர்களின் பிள்ளைகளையும் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். அப்படிச் சேர்ந்த முதல் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அதற்கு இப்போது ஐம்பது வருடமாம். 'எங்கள் பள்ளியின் கதவைத் திறந்த மூவர்' என்று கடிதத்தில் போட்டிருந்தது.

மூவர் என்றால் நான், டிரைவர் மகன், ஸ்டோர் கீப்பர் மகள். டிரைவர் மகன் பக்கவாதம் வந்து கோயம்புத்தூரில் பேச்சில்லாமல் கிடக்கிறான். ஸ்டோர் கீப்பர் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, மேடையில் நான் மட்டும்தான். இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். விடுதியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்த என் அம்மாவின் படத்தைப் பெண்கள் விடுதி வாசலில் திறந்து வைப்பார்களாம்.

கடிதத்தை என் மகள் லீனாதான் முதலில் படித்தாள். இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் வாரத்துக்கு ஒரு வார்த்தை கொட்டிப்போய் இப்போது அம்மா, சாதம், போதும், இந்த மூன்றில் வந்து நிற்கிறது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, நீயும் வெர்னா மாதிரியே! எனக்கு ஏன் சொல்லவே இல்லை?" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கண்காட்சியில் பார்த்த ஒரு படத்தைச் செல்போனில் காட்டினாள். இரண்டு தண்ணீர்க் குழாய்கள், ஒன்று வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. "உங்கள் பள்ளியிலும் இப்படி வைத்திருந்தார்களா?"

"ஆமாம்" என்றேன். "வெள்ளைக்காரர்களுக்குத் தனி, எங்களுக்குத் தனி."

அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். வேலைக்காரர் குடியிருப்பில் எங்களுக்குள்ளேயே இரண்டு குழாய் இருந்தது. மேல் வரிசை வீடுகள் சமையல், டிரைவர், ஆயா. கீழே சாக்கடை ஓரமாகக் கடைசி வரிசையில் கக்கூஸ் கழுவுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே கோயிலுக்குத்தான் போவோம், ஒரே பாட்டைத்தான் பாடுவோம். குழாய் மட்டும் வேறு. அதை வெள்ளைக்காரன் வைக்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்டது.

3

அந்தக் கடைசி வரிசையிலிருந்து வந்தவள் பாக்கியம். பள்ளியில் சேர்ந்தது மூன்று பேர் இல்லை, நாலு பேர். நாலாவது அவள். நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள், ஆனாலும் நான் என் வாயால் சொல்லியாக வேண்டும்.

என் அம்மாவுக்கு விடுதியில் துணி ஆயா வேலை. போர்டிங் பிள்ளைகளின் ஒவ்வொரு துணியிலும், காலுறையைக்கூட விடாமல், உள்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை இருக்க வேண்டும். அதில் சிவப்பு நூலில் பிள்ளையின் பெயர் நெய்திருக்கும். கப்பலில் வரும் அந்தப் பட்டைகளை வருடா வருடம் அம்மாதான் உட்கார்ந்து தைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளைப் பெயர் வாரியாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. நான் ஆங்கிலம் படித்ததே அந்தப் பட்டைகளில்தான். அச்செழுத்து தெரியும் முன்பே, ஒன்றோடொன்று கோத்து எழுதிய அந்தக் கூட்டெழுத்து எனக்கு அத்துப்படி.

வருடக் கடைசியில் பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன துணிகளை ஒரு பெரிய தகர டிரம்மில் போடுவார்கள். பேரல் என்போம். அதிலிருந்து முதலில் எடுப்பது ஆயாக்கள், பிறகு சமையலறை, பிறகு தோட்டம், மிஞ்சியதுதான் கடைசி வரிசைக்கு. இன்னும் அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் துணியை வளாகத்துக்குள் யாருக்கும் கொடுக்கக் கூடாது, கீழே கிராமங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு. அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு வேண்டியதை எடுத்து, பிளேடால் பட்டையைப் பிரித்து, தையல் தடம் தெரியாமல் நூலைப் பிடுங்கிவிடுவாள். நான் வருடம் முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பழைய துணியில்தான் திரிந்தேன். யாருக்கும் தெரியாது.

நாங்கள் பள்ளியில் சேர்ந்த வருடம், பள்ளி திறக்கும் முன்பே, பேரலில் ஒரு நீல ஸ்வெட்டர் வந்தது. பின்னால் என் வகுப்பில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஜூடித்தினுடையது. பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு அதன்மேல் பைத்தியம். அம்மா விரித்துப் பார்த்தாள், முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது.

"பூச்சி அரிச்சது நமக்கு எதுக்குடி? ஒனக்குத்தான் செவப்பு ஸ்வெட்டரு கெடக்குல்ல."

எங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. பாக்கியத்தின் அம்மாவைக் கூப்பிட்டுக் கையால் அள்ளச் சொன்னாள். அள்ளி முடித்ததும் கூலியாக அந்த ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டாள். பட்டையைப் பிரிக்கவில்லை. "அவளுக்கு எதுக்குப் பிரிச்சுக் குடுத்துக்கிட்டு" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த அம்மாள் அன்றைக்கே அதைத் துவைத்துக் காயவைத்து, மறுநாள் வெள்ளனே எங்கள் வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கழுத்துப் பக்கம் இருந்த பட்டையைத் தடவிக் காட்டினார்.

"எஸ்தரு, நீ எழுத்துக் கூட்டிப் படிப்பில்ல? இது எந்தக் கம்பெனின்னு பாத்துச் சொல்லு தாயி."

அவருக்கு எழுத்து தெரியாது. பாக்கியத்துக்குக் கூட்டெழுத்து வராது, அவள் அப்போதுதான் அச்செழுத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள். நான் பட்டையைப் பார்த்தேன். ஜூடித்தின் முழுப் பெயரும் இருந்தது.

"பெரிய கம்பெனி" என்றேன். "பட்டையைப் பிரிச்சிராதீங்க. இருந்தாத்தான் மதிப்பு."

பதினோரு வயது. குழந்தைத்தனம் என்று யாராவது எனக்காகப் பேசுவீர்கள். வேண்டாம். அந்த நீல ஸ்வெட்டர் எனக்குக் கிடைக்காதது பாக்கியத்துக்குக் கிடைத்துவிட்டது, அதுவும் அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பெயர் பொறாமை.

4

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். நல்ல மூடுபனி. பாக்கியம் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்துப் படியச் சீவி, முழங்கை ஓட்டையைக் கறுப்பு நூலில் இழுத்துத் தைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

இடைவேளையில் நானே ஜூடித்திடம் போனேன். அதுவரை அவள் என்னோடு பேசினதே கிடையாது. "அவள் போட்டிருப்பது உன்னுடையது. கழுத்தில் பட்டை இருக்கிறது, பார்" என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மொத்த ஆங்கிலத்தையும் செலவழித்துச் சொன்னேன். அன்று மதியம் ஜூடித் தன் பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். பள்ளி முடியும்வரை அந்த இடம் எனக்கு இருந்தது.

ஸ்வெட்டரைப் பேரலில் போட்ட விடுதி மேட்ரன் விடுமுறையில் தன் நாட்டுக்குப் போயிருந்தார். புதிய மேட்ரனுக்கு ஒன்றும் தெரியாது. பாக்கியத்தை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கழுத்தைப் புரட்டிப் பட்டையை உரக்கப் படித்தார்கள். அங்கேயே கழற்றச் சொன்னார்கள். உள்ளே கிழிந்த பாவாடைச் சட்டை. அவள் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள்.

"எஸ்தரோட அம்மா குடுத்தாங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். கட்டளையை மீறியது தெரிந்தால் அம்மாவுக்கு வேலை போகும். "இல்லீங்கம்மா, நான் குடுக்கல" என்றாள். பிறகு என்னைக் கேட்டார்கள். வரும் வழியிலேயே அம்மா என் கையைக் கிள்ளிச் சொல்லியிருந்தாள்: "வாயத் தொறந்தே, ஒன் படிப்பும் போச்சு, என் சோலியும் போச்சு."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

பாக்கியத்தின் அம்மாதான் திருடினார் என்று முடிவாயிற்று. அந்த வாரமே அவள் அப்பாவுக்கு வேலை போயிற்று. முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரியின் மேலே சாமான்களோடு ஏறி வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போனார்கள். பள்ளிப் பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பத்தின்பேரில் விலகினாள்' என்று எழுதினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழைய மேட்ரன் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடடா, அதை நான்தானே பேரலில் போட்டேன்" என்றார். அடடா என்றதோடு சரி. பதிவேட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மேல்வரிசை வீடுகளில் அன்று கேக் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

5

வெர்னா அம்மாள் பேசினதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. நானும் மேடையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எண்பது வயதுக் கிழவிக்கு இருக்கிற தைரியம் எனக்கு இருக்காதா? ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். 'நாங்கள் மூவர் இல்லை, நால்வர்' என்று ஆரம்பித்தேன். யாரைப் பார்த்து எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்திய விசாவில் என் இனிஷியல் ஒரு மாதிரி, என் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அதை நேராக்கவே ஒரு மாதம் ஓடிற்று. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் தாளைத் திருப்பி அனுப்பினவளுக்கு இது வேண்டியதுதான். மதுரையில் இறங்கிக் கார் பிடித்தால், மலையேற இ-பாஸ் வேண்டும் என்றார் டிரைவர். செல்போனில் விண்ணப்பம் போட்டோம். வருகையின் நோக்கம் என்று கேட்டது. பிறந்த ஊர் என்று அதில் ஒரு கட்டம் இல்லை. சுற்றுலா என்று போட்டேன்.

வத்தலக்குண்டில் என் சித்தப்பா மகன் தாமஸ் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "பாக்கியமக்காவா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மெஸ் வச்சிருக்காகள்ல. கோழிக் கொழம்பு நல்லாருக்கும். நீ எதுக்கு அவுகளத் தேடுற?" என்றான். வழி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நாலு மேசை போட்ட சிறிய மெஸ். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவில் இருந்தவள் தலை நரைத்து, உடம்பு பெருத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். நான் யாரென்று சொல்வதற்கு முன்னாலேயே, "வா எஸ்தரு" என்றாள். "உக்காரு. சாப்புடுறியா?"

வேண்டாம், தண்ணீர் போதும் என்றேன். அவள் எழுந்து போய் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மற்ற மேசைகளில் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

"சீல் ஒடைக்காத பாட்டிலு. நான் தொட்டது வெளிப்பக்கம் மட்டுந்தான்" என்றாள். "ஒங்க வீட்டுல எங்கம்மாவுக்குன்னு ஆணியில ஒரு அலுமினிய டம்ளரு தொங்கும். மறந்துருக்க மாட்டியே?"

மறக்கவில்லை. பாட்டிலைத் திறக்கவும் கை வரவில்லை. அமெரிக்காவிலிருந்து பயிற்சி செய்துகொண்டு வந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, "பாக்கியம், ஜூடித்கிட்டக் காட்டிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நாங்க லாரி ஏறுற அன்னைக்கு அந்தப் பிள்ள ஓடிவந்து சொல்லுச்சு. வெள்ளக்காரப் பிள்ளைக்கே மனசு உறுத்தியிருக்கு. நீ சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்த." அவள் சில்லறையை அடுக்கிக்கொண்டே பேசினாள். "அம்பது வருசமாத் தெரிஞ்ச சங்கதியச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்த?"

"ஒங்கம்மா..."

"போயி ஒம்பது வருசமாச்சு. கடைசிவரைக்கும் ஒன்னைய ஒரு வார்த்தை பேச விடல. 'எஸ்தரு பிள்ள கம்பெனின்னுதான சொல்லுச்சு. பாவம், அதுக்கும் அந்த எழுத்து படிக்கத் தெரியலபோல. நம்மளால அது வாயடச்சு நின்னுச்சே'ன்னு ஒனக்காக வருத்தப்படும். ஒனக்கு அந்தப் பட்டையில ஒவ்வொரு எழுத்தும் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் திருத்தல. நம்பிக்கிட்டே போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன். அவள் டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தாள், எல்லா வாடிக்கையாளருக்கும் தள்ளுவதைப் போல. நாளை விழாவில் சொல்லப்போகிறேன், எழுதியே வைத்திருக்கிறேன் என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குடி காட்டுற? மேல சொல்லு. அங்க வச்சுத்தான எங்கம்மாவக் கள்ளியாக்குனீக? நான் பஸ்ஸுல வாரேன். பின்னால உக்காந்து கேக்குறேன்." பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "சொல்லாம, பேப்பருல கீப்பருல எழுதிறாத. எழுதுனா ஒனக்குத்தான் நல்ல பேரு கெடைக்கும்."

6

விழா சாயங்காலம். லீனா அங்கே காலைக் காப்பியோடு வீடியோவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆசிரியை செல்போனை மேடைக்கு நேராகப் பிடித்திருந்தார். முதலில் விடுதி வாசலில் அம்மாவின் படத்தைத் திறந்தார்கள். மடியில் துணிக்குவியலோடு, கையில் ஊசியோடு ஒரு பழைய படம். கீழே 'அன்பும் நேர்மையும்' என்று எழுதியிருந்தது. லீனா அழுதுவிட்டாளாம்.

பிறகு கல்வெட்டு. மூன்று பெயர். அம்மாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் பள்ளி முதல்வர் பத்து நிமிடம் பேசினார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஓரமாகப் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

மைக் என் கைக்கு வந்தது. தாளை விரித்தேன். முதல் வரி 'நாங்கள் மூவர் இல்லை' என்று இருந்தது. என் முன்னால் செல்போனில் லீனாவின் முகம், இந்த அகலம் கண்ணை விரித்துக்கொண்டு. வெளியே அம்மாவின் படத்தில் இன்னும் பூ வாடவில்லை. இப்போது அந்த வரியைப் படித்தால் படத்தை இறக்க வேண்டும், என் மகள் என்னை இறக்குவாள். வெர்னாவுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை, அதனால் சொன்னாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அது பொய். அவளுடைய பேத்தி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். நானே இடம் காட்டி உட்கார வைத்தேன்.

தாளை மடித்தேன். "நாங்கள் மூவர்" என்று ஆரம்பித்தேன். குளிரையும், பனியையும், அம்மா தைத்த துணிகளையும் பற்றிப் பேசினேன். அருமையாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று. கடைசி வரிசையை நான் பிறகு பார்க்கவில்லை.

நம் ஊர் விழாக்களில் கடைசியில் பொன்னாடை போர்த்துவார்கள் அல்லவா, அப்படி வரிசை நின்றது. பழைய மாணவர் சங்கம், பங்குத்தந்தை, வியாபாரிகள் சங்கம் என்று ஒவ்வொருவராக வந்து போர்த்தினார்கள். போட்டோக்காரர் ஒவ்வொருவரையும் நிறுத்தி எடுத்தார். வரிசையில் பாக்கியமும் நின்றாள். சத்தம் போடட்டும், என் தலைமயிரைப் பிடிக்கட்டும், இவளாவது சொல்லிவிடட்டும் என்றுகூட இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தாள். ஏரிக்கரைக் கடைகளில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற புதிய ஸ்வெட்டர். அதை விரித்து என் தோள்மேல், பொன்னாடைகளுக்கெல்லாம் மேலே, போட்டாள். கழுத்துப் பக்கம் மடிந்திருந்ததை நீவிச் சரிசெய்தாள். போட்டோக்காரர், "அம்மா, இங்கிட்டுப் பாருங்க" என்றார். இரண்டு பேரும் பார்த்தோம்.

என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கம்பெனிப் பட்டை பிரிக்கல. பில்லு உள்ள இருக்கு. யாராச்சும் கேட்டா காட்டு."

கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள். அடுத்து நின்றவர் பொன்னாடையை விரித்தார்.

7

லீனா அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். "இந்த ஆன்ட்டி யார் அம்மா? எவ்வளவு அன்பாகப் பார்க்கிறாள்!" என்று கேட்டாள். பழைய சிநேகிதி என்று சொன்னேன். அவளுக்கு இது போதும். தமிழ் படிக்கத் தெரியாது, ஆகவே இந்தக் குறிப்பும் அவளுக்கு எட்டாது. அதைத் தெரிந்துகொண்டுதான் தமிழில் எழுதுகிறேன்.

எழுதாதே என்று பாக்கியம் சொன்னாள், நான் எழுதிவிட்டேன். அவள் சொன்னபடியே எனக்கு நல்ல பேர் கிடைக்கலாம், எவ்வளவு மனம்விட்டு எழுதியிருக்கிறாள் என்று நீங்களும் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் என்பது அவளுடைய பெயர் இல்லை. ஐம்பது வருடம் கழித்து, பக்கத்தில் யாரும் கிள்ளாதபோதும், அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அவளுடைய நன்மைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் அந்த நீல ஸ்வெட்டர். அவர் கை அதைத் தொட்டதும் நான் பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து பில்லை எடுத்து நீட்டினேன். அவர் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் சிரித்தார். "அம்மா, இதை யாரும் கேட்கவில்லையே" என்றார்.

ஆமாம், யாரும் கேட்கவில்லை. பில் இன்னும் பாஸ்போர்ட்டுக்குள்தான் இருக்கிறது.